புது சிஸ்டம் தள்ளிப் போகிறதா? முகூர்த்த சீசனைப் பழைய சிஸ்டத்திலேயே ஓட்ட

மதுரையில் கல்யாண வீடியோவும் ஆல்பமும் செய்யும் ஸ்டுடியோக்காரர் புது சிஸ்டத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், அடுத்து அடிக்கடி காதில் விழப்போவது இதுதான்: "எல்லாம் ரெடிண்ணே, கார்டு மட்டும் மெட்ராஸ்ல இருந்து வரணும்." அந்தக் கிராபிக்ஸ் கார்டு வந்தால் ரேம் இருக்காது. ரேம் வரும்போது விலை ஏறியிருக்கும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விலை கூடிய கார்டையும் போர்டையும் இங்கே அடுக்கிவைத்து விற்பது அவருக்குக் கட்டுப்படியாகாது. ஆர்டர் விழுந்த பிறகு சென்னை ரிச்சி தெரு மொத்தக்கடையில் சொல்லி, பார்சல் சர்வீஸில் போட்டு வரவழைப்பார். அங்கேயே சரக்கு இல்லையென்றால் அவரும் நம்மோடு சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

அங்கே சரக்கு இல்லாமல் போவதும் புதிதில்லை. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தால் ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. 2021-இல் சிப் பற்றாக்குறையும் கிரிப்டோ மைனிங்கும் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டை எட்டாக்கனி ஆக்கின. 2025 கடைசியில் ரேம் மாட்டியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகும் மெமரியில்தான் லாபம் என்று தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்ப, கடைச் சரக்கு சுருங்கியது. க்ரூஷியல் என்ற பெயரில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாத ஆறாம் ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் வைத்திருந்தவர்கள் பலர் ஒரே நேரத்தில் மாற்றக் கிளம்பினார்கள். உங்கள் பழைய சிஸ்டமும் அந்த வகை என்றால், மைக்ரோசாஃப்டின் அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

காத்திருக்கும் காலத்தில் காசை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இன்று வாங்கும் இந்தச் சாமான் நாளைக்குப் புது சிஸ்டத்துக்குப் போகுமா? என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டில் நேராகச் செருகும் வேகமான டிஸ்க்), மானிட்டர், யூபிஎஸ், பேக்கப் ஹார்ட் டிஸ்க், நல்ல பவர் சப்ளை எல்லாம் போகும். பழைய போர்டுக்கென்று வாங்கும் பிராசஸர் போகாது. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 போர்டில் ஏறவே ஏறாது, காடியின் இடமே வேறு. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பழைய சிஸ்டத்தில் 16 ஜிபி மட்டும் இருந்து, நடுவில் ஒரு முகூர்த்த சீசன் முழுசாக வருகிறது என்றால், அதே வேகத்தில் இன்னொரு 16 ஜிபி செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். 4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபி என்பது ஆடம்பரமில்லை.

செலவுக்கு முன்னால் எது இழுக்கிறது என்று பாருங்கள். எடிட்டிங் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் ஃபுட்டேஜ் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அது நொடிக்கு 150 முதல் 200 எம்பிதான் தரும், அதுவும் ஒரே ஃபைலை நேராகப் படித்தால். மூன்று கேமராவின் காட்சியை மல்ட்டிகேமில் ஒரே நேரத்தில் ஓட்டினால் டிஸ்க்கைப் படிக்கும் தலை அங்கும் இங்கும் ஓடி வேகம் படுத்துவிடும். கேபிளில் இணையும் சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி, சாதாரண ஜென்3 என்விஎம்இ 3500 எம்பி வரை தரும். புது சிஸ்டத்துக்கு என்று எழுதிக்கொடுத்த எஸ்எஸ்டியை மட்டும் முன்கூட்டியே வாங்கிப் பழைய போர்டில் மாட்டிவிடலாம். மாட்டும் முன் போர்டு கையேட்டைப் பாருங்கள். பல போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டை (என்விஎம்இ செருகும் இடம்) நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். "எஸ்எஸ்டி போட்டதும் ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு" என்று பதறுகிறவர்களுக்குப் பல நேரம் நடந்தது இதுதான், கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் டிஸ்க் திரும்பி வந்துவிடும். வாங்கும்போது டிஎல்சி வகையாக (ஒரு செல்லில் மூன்று பிட்) கேளுங்கள். விலை குறைந்த க்யூஎல்சி வகை (ஒரு செல்லில் நான்கு பிட்) முதல் சில பத்து ஜிபிக்குப் பறக்கும். வேகமாக எழுதும் தற்காலிக இடமான கேஷ் நிரம்பிய பிறகு, கல்யாணம் எடுத்த மெமரி கார்டுகளை மொத்தமாகக் கொட்டும்போது, ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவாகிவிடுவதும் உண்டு.

டிஸ்க் சும்மா இருந்து, சிபியூ மட்டும் 100-இல் நின்று, பிளேபேக் விட்டு விட்டு ஓடினால் கோளாறு ஃபுட்டேஜின் வடிவத்தில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் கார்டு வாங்குகிறார்கள். எச்.265 என்ற சுருக்க முறையில், நிறத் தகவல் கூடுதலாக உள்ள 4:2:2 10 பிட் ஃபுட்டேஜை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகள் ஹார்ட்வேரில் பிரித்துத் தராது. 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஆனால் இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே அதைச் செய்யும். ஆக இன்டெல் ஐ7 12700 வைத்திருப்பவருக்கு வழி கையிலேயே இருக்கிறது, பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ஐஜிபியூ மல்ட்டி மானிட்டர் என்ற அமைப்பை ஆன் செய்தால் போதும். கார்டு மாட்டியிருந்தால் பல போர்டுகள் இதைத் தானாக ஆஃப் செய்துவிடும். 12700எஃப் வாங்கியவருக்கு இந்த வழி கிடையாது. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ஓரெழுத்து, உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று சொல்கிறது. சில ஆயிரம் மிச்சம் என்று கடையில் எஃப் வகையைத் தள்ளிவிடப் பார்த்தால், எடிட்டிங் சிஸ்டத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காசே செலவில்லாத வழி கேமராவில் இருக்கிறது. சோனி ஏ7 மார்க் 4 போன்றவற்றில் எச்.265-ஐப் பயன்படுத்தும் எக்ஸ்ஏவிசி எச்எஸ் வடிவத்திலேயே, நிறத் தகவல் குறைந்த 4:2:0 10 பிட் என்றும் ஒரு தேர்வு உண்டு. அதைப் பழைய ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகூடச் சுலபமாகப் பிரிக்கும். மண்டபத்து வெளிச்சத்தில் எடுத்த முகூர்த்தத்தில் 4:2:2-க்கும் 4:2:0-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ கண்டுபிடிக்கப் போவதில்லை. பச்சைத் திரையில் எடுத்துப் பின்னணி மாற்றும் க்ரீன் மேட் வேலை இருந்தால் மட்டும் 4:2:2 வையுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட ஃபுட்டேஜுக்கு ப்ராக்ஸிதான், அதாவது எடிட் செய்வதற்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல். எடிட்டிங் மென்பொருளான ப்ரீமியரில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் ப்ராக்ஸி, க்ரியேட் ப்ராக்ஸிஸ் கொடுத்து, புரோரெஸ் ப்ராக்ஸி தேர்ந்தெடுத்தால் மீடியா என்கோடர் வரிசையில் போட்டுக்கொள்ளும். ராத்திரி கடையைப் பூட்டும்போது ஓடவிட்டுப் போனால் காலையில் எடிட் செய்யலாம். இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: 1080பி, 25 ஃபிரேமில் மணிக்குச் சுமார் 17 ஜிபி. நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம் மூன்றும் சேர்ந்து மொத்தம் பத்து மணி நேர ஃபுட்டேஜ் என்றால் 170 ஜிபி. எஸ்எஸ்டியில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

ப்ராக்ஸியில் சொதப்பும் இடங்கள் சில உண்டு. மூல கிளிப்பில் எத்தனை ஆடியோ சேனலோ அத்தனையே ப்ராக்ஸியிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டாது. வேறு மென்பொருளில் ப்ராக்ஸி செய்து கொண்டுவருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். சொந்தக்காரர் மொபைலில் எடுத்துக் கொடுத்த கிளிப்புகள் ஃபிரேம் வேகம் ஒரே சீராக இல்லாமல் வரும். அதற்கு ப்ராக்ஸி போட்டால் நாதஸ்வரம் ஒரு பக்கம், கெட்டிமேளம் ஒரு பக்கம் போகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் கொடுத்து மாற்றிவிட்டு, அந்த ஃபைலை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் பக்கத்தில் யூஸ் ப்ராக்ஸிஸ் என்ற டிக்கைத் தப்பித்தவறி போட்டுவிட்டால் வாடிக்கையாளருக்குப் போவது மங்கலான படம். பென் டிரைவில் ஏற்றும் முன் ஒரு க்ளோசப்பை முழு அளவில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. சித்திரை, வைகாசி வெயிலில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, தூசி அடைத்த கூலர் என்ன செய்யும்? சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டு ஒரு பத்து நிமிட ரெண்டர் கொடுங்கள். இன்டெல்லில் 100 டிகிரியைத் தொட்டு, தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் "Yes" என்று விழுந்தால், பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் இருக்கும் சிஸ்டத்தைப் பழசாகிவிட்டது என்று ஒதுக்குவது அவசரம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். கேபினட்டை வெளியே வராந்தாவுக்குக் கொண்டுபோய்ப் ப்ளோயர் பிடியுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். விட்டால் அது கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போய்விடும். மேலாக ஊதியதும் முடிந்தது என்று மூடிவிடக் கூடாது. கூலர் ஃபேனைக் கழற்றினால்தான் ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித்துண்டு மாதிரி படிந்திருக்கும் தூசி தெரியும். காற்றை அடைப்பது அதுதான், அதை விரலால் உரித்து எடுக்க வேண்டியிருக்கும்.

கூலரையே கழற்றி, அதற்கும் பிராசஸருக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் மாற்றும்போது இரண்டு இடத்தில் கவனம். ஏஎம்டியின் ரைசன் ஏஎம்4 சாக்கெட் வகையில் நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் உள்ள பின்கள் வளையும். சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணைத்து, கூலரை இடதும் வலதுமாகத் திருகி வழுக்கி எடுங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு புஷ் பின்கள். கழற்றும்போது தலையில் உள்ள அம்புக்குறிப் பக்கம் திருப்ப வேண்டும். திரும்ப மாட்டும் முன் நான்கையும் பழைய நிலைக்குத் திருப்பிவைத்து, மூலைவிட்டமாக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். கிளிக் சத்தத்தை நம்பாதீர்கள். போர்டின் பின்புறம் டார்ச் அடித்து, பிளந்த பிளாஸ்டிக் முனை நான்கு ஓட்டையிலும் முழுசாக வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று வராவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், ஆன் செய்த சில நொடியில் 90 டிகிரி. பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, பழையதைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம், அன்று ரெண்டர் வைக்காதீர்கள். யூபிஎஸ்ஸில் சிபியூவும் ஒரு மானிட்டரும் போதும், லேசர் பிரிண்டரைச் சொருகவே கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் பின்பக்கம் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் பாருங்கள். சாதாரண மோடில் இருந்தால் கரண்ட் மாறும் நேரம் நீண்டு சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். புது சிஸ்டத்துக்கு ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல பவர் சப்ளை வரப்போகிறது என்றால், மலிவு யூபிஎஸ்ஸின் சதுர அலைக் கரண்ட்டில் அது அணைந்துபோக வாய்ப்புண்டு. ஆகவே இப்போதே யூபிஎஸ் வாங்குவதானால் சீரான அலையில் கரண்ட் தரும் ப்யூர் சைன் வேவ் வகை கேளுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க் சீசன் நடுவில்தான் காலை வாரும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் 05 (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (படிக்கத் தடுமாறும் இடங்கள்) என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். சி5-இல் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் அன்றே நகல் எடுத்துவிடுங்கள். அங்கே தெரியும் எண் பதினறும முறையில் இருக்கும், 10 என்றால் பதினாறு.

மேக் வைத்திருப்பவர்களுக்குக் காத்திருப்பு பழகிய சங்கதி. 2010-இல் வந்த வெள்ளி நிற மேக் ப்ரோவுக்கு 2012-இல் சின்ன மாற்றம்தான் கிடைத்தது. 2013 ஜூனில் காட்டிய உருளை வடிவ மாடல் அந்த டிசம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் புது மாடலே கிடையாது. அந்த வடிவத்தில் சூட்டைச் சமாளிக்க முடியாமல் மாட்டிக்கொண்டோம் என்று 2017 ஏப்ரலில் ஆப்பிளே பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டது. அடுத்த மாடல் கைக்கு வந்தது 2019 டிசம்பரில். அந்த இடைவெளியைப் பலர் 2010, 2012 மாடல்களை வைத்தே தாண்டினார்கள். ஸ்லாட் இருந்ததால்தான் முடிந்தது. ஆறு கோர் எக்ஸ்5690 பிராசஸர் இரண்டு, பிசிஐஇ அடாப்டரில் என்விஎம்இ, மேக்ஓஎஸ் மொஹாவே கேட்கும் மெட்டல் என்ற கிராபிக்ஸ் வசதிக்காக ஆர்எக்ஸ் 580 கார்டு என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். என்விஎம்இயில் பூட் ஆக மொஹாவே மூலம் வரும் 140.0.0.0.0 ஃபர்ம்வேர் அவசியம். கார்டுக்கு மின்சாரம் எடுக்க போர்டில் உள்ள இரண்டு மினி 6 பின் சாக்கெட்டுகளையும் சேர்த்து ஒரு 8 பின்னாக்கும் கேபிள் வேண்டும், ஒன்று 75 வாட்தான் தாங்கும்.

இன்றும் அந்த மாடலை டிசைன் வேலைக்கு ஓட்டுகிறவர் இருந்தால், நார்த்பிரிட்ஜ் சிப்பின் ஹீட்சிங்கை (சூடு தணிக்கும் உலோகம்) பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டை மட்டும் பாருங்கள். வருஷக்கணக்கான சூட்டில் அது ஒடிந்து ஹீட்சிங்க் தூக்கிக்கொள்ளும், மெஷின் திடீரென்று அணையும். போர்டு போனது என்று பலர் தூக்கிப் போட்டது இந்தச் சின்னப் பிளாஸ்டிக்குக்காக. ஆனால் இனி அதற்குள் கார்டோ பிராசஸரோ வாங்கிப் போடுவது வீண். ஆப்பிளின் எம்1 முதலே 4:2:2 எச்.265 ஹார்ட்வேரில் ஓடுகிறது. புது மேக் வாங்கும்போது ரேமைப் பிறகு ஏற்ற முடியாது என்பதையும், கடையில் இருக்கும் ஸ்டாக் மாடலுக்கும் நாம் கேட்டபடி கட்டமைத்து வரும் மாடலுக்கும் வாரக்கணக்கில் வித்தியாசம் வரும் என்பதையும் மனதில் வைத்து ஆர்டர் போடுங்கள்.

ஆர்டருக்கு நேரம் காலம் உண்டு. ஆனியில் போட்டால் தாமதம் ஆடிக்குள் அடங்கும், ஆவணி முகூர்த்தத்துக்குள் சிஸ்டம் பழகிவிடும். கார்த்திகை நடுவில் போட்டால் மார்கழி இருக்கிறது. சிவகாசிக் காலண்டர் டிசைன் வேலை செய்கிறவர்களுக்கு இது தலைகீழ். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவருவதால், அவர்களுக்கு அதற்கு முந்தைய மாதங்களில் சிஸ்டத்தைத் தொடவே நேரம் இருக்காது.

கொட்டேஷனில் "16 ஜிபி கார்டு, 750 வாட் எஸ்எம்பிஎஸ்" (பவர் சப்ளை) என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, முழு மாடல் எண், ரேம் ஒரே ஸ்டிக்கா இரண்டா, சர்வீஸ் சென்டர் மதுரையிலா சென்னையிலா, மாற்றுப் பாகம் போட்டால் முன்கூட்டிக் கேட்க வேண்டும், விலை ஏறினால் யார் சுமப்பது, இத்தனையும் எழுத்தில் வேண்டும். அட்வான்ஸைக் கார்டு, பிராசஸர் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பில் தேதி டெலிவரி தேதியாக இருக்கட்டும், வாரண்டி அதிலிருந்துதான் ஓடும். உங்கள் ஜிஎஸ்டி எண் பில்லில் இல்லையென்றால் 18 சதவீத வரி உள்ளீட்டு வரவாகக் கிடைக்காது. இன்னொன்றை ஆடிட்டர்தான் சொல்வார்: கம்ப்யூட்டருக்கு 40 சதவீதத் தேய்மானம், ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதிதான். அக்டோபர் 3-க்குள் சிஸ்டம் வேலைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் தள்ளிப் போகிறது என்றால் மிச்சப் பாதிக்கு அடுத்தடுத்த வருஷம்தான்.

சென்னையில் அசெம்பிள் செய்தே வருகிறது என்றால், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் உள்ள கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு லாரியில் ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்தால் ஸ்லாட் பிளந்துவிடும்.

வந்ததும் முதல் வேலை பயாஸ் அப்டேட். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அதிக வோல்டேஜால் பிராசஸர் பாழாகும் கோளாறுக்கு 2024-இல் வந்த மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தம் பயாஸ் வழியாகத்தான் ஏறும். டிடிஆர்5 சிஸ்டம் முதல் முறை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் திரை கறுப்பாகவே நிற்கும், பயந்துபோய் அணைத்துவிடாதீர்கள். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், முதல் சில நாளில்தான் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள்.

பாதி எடிட்டில் இருக்கும் கல்யாணத்தைப் புது சிஸ்டத்துக்கு நகர்த்த வேண்டாம். புது ப்ரீமியரில் ஒருமுறை சேவ் செய்த ப்ராஜெக்டைப் பழைய பதிப்பு திறக்காது, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் டேட்டாபேஸும் அப்படித்தான். கையில் உள்ளதைப் பழையதிலேயே முடித்துக் கொடுங்கள், புதிதாக வரும் ஆர்டர் புதியதில் ஏறட்டும். ஆல்பத்துக்கும் பத்திரிகைக்கும் பயன்படும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் ஃபோல்டரை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டாங்கிளில் (கம்ப்யூட்டரில் செருகும் உரிமச் சாவி) ஓடும் தமிழ் மென்பொருள் இருந்தால், அந்த டாங்கிளின் டிரைவர் விண்டோஸ் 11-இல் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே பழைய சிஸ்டத்தை ஃபார்மேட் செய்யுங்கள். ஏறவில்லையென்றால் அந்த ஒரு வேலைக்காகவே பழையது மேஜை ஓரத்தில் நிற்கட்டும். ராத்திரியில் ப்ராக்ஸி போடவும் அது உதவும்.